இருநூற்றுப் பன்னிரண்டு டப்பிகள்

டாக்டர் கனகேஸ்வரிக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்வார்கள். அது சரியில்லை. மூக்குக்கு மேல் வந்த கோபம் எப்போதாவது இறங்கும். இவருடைய கோபம் காலையில் இவரோடு எழுந்து, இவரோடு காப்பி குடித்து, பழைய மோரிஸ் மைனர் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேலைக்கு வந்தது. தாமதமாக வந்த நர்ஸ், கழுவாத கண்ணாடித் துண்டு, கையெழுத்துப் புரியாத சீட்டு, எல்லாமே அதற்குத் தீனிதான். வார்டில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளிகள்கூட எழுந்து நேராக உட்கார்ந்துகொள்வார்கள்.

அப்பா ஐயாத்துரை, ரயில்வே கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, பட்டர்வொர்த் ஸ்டேஷனில் இருபத்தெட்டு வருஷம் பேரேடு எழுதியவர். மகளை டீச்சராக்க நினைத்தார். மகள் சிங்கப்பூருக்குப் போய் டாக்டராகி, பிறகு இங்கிலாந்துக்குப் போய் வெப்பநாட்டு நோய்களைப் பற்றி மேற்படிப்பும் படித்துவிட்டு, பட்டர்வொர்த்துக்கு எதிர்க்கரையிலிருக்கும் ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பி வந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவரைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறைக்கு மேல் கேட்டவர்கள் இல்லை.

அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். பின்கட்டில், பிணவறைக்குப் பக்கத்தில், அவருக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் கொடுத்திருந்தார்கள். அங்கே இரண்டு வேலை நடந்தது. ஒன்று, மனிதக் குடலில் குடியிருக்கும் புழுக்களை எண்ணுவது. மற்றது, பிறவியிலேயே ரத்தம் ஊறாமல் வெளுத்துப்போகும் குழந்தைகளைக் கண்டுபிடிப்பது. அந்தப் பிறவிக் குறைக்குத் தலசீமியா என்று பெயர். சீனக் குழந்தைகளிலும் மலாய்க் குழந்தைகளிலும் அவர் நிறையப் பார்த்திருந்தார். தோட்டத்துத் தமிழர்களிடையே அது எவ்வளவு என்று யாரும் எழுதியிருக்கவில்லை. எழுதினால் முதலில் எழுதியவர் கனகேஸ்வரியாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஆசைப்படுவது குற்றமில்லை.

கூடத்தில் உதவிக்கு இருந்தவர் ஹபீப் முகம்மது. சூலியா வீதிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மணிக்கணக்கில் எடுக்கமாட்டார். பேச்சு குறைவு. டாக்டரிடம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டதால் வந்த குறைவு அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு மார்ச் கடைசியில் மீனாட்சியைக் கொண்டுவந்தார்கள். சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறவள், வயது இருபத்து நாலு. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெயர் இருந்தது; நம் ஜனங்கள் ஒற்றைப்பாலத் தோட்டம் என்றார்கள். மீனாட்சிக்கு அப்போது நாலு மாதம். போன வருஷம் ஒன்று ஆறாம் மாதத்தில் போய்விட்டது. இது தங்க வேண்டும் என்று மாமியாரிலிருந்து மாரியம்மன் கோயில் பூசாரி வரை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவள் உடம்பில் ரத்தம் இருந்தால்தானே? கீழிமையை இழுத்துப் பார்த்தால் காகிதம் மாதிரி இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு ஐந்து இருந்தது.

"எத்தன மாசமா இப்படி மூச்சு வாங்குது?" என்று கனகேஸ்வரி கேட்டார்.

"அது எப்பவும்தான் டாக்டரம்மா. எங்க லயத்து வீடுங்கள்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

எல்லோருக்கும் அப்படித்தான் என்று அந்தப் பெண் மழை பெய்வதைச் சொல்வதுபோலச் சொன்னாள். கனகேஸ்வரி அன்றைக்கே பெரி என்கிற கடத்துப் படகில் ஏறி அக்கரைக்குப் போய், தோட்டத்தைத் தன் கண்ணால் பார்த்தார். பதினெட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். அதற்கும் கதவில்லை. ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும் ரப்பர் மரத்தடிக்குத்தான் ஒதுங்கினார்கள். விடிந்ததும் அதே மரத்தடியில் வெறுங்காலோடு பால் வெட்டினார்கள். கொக்கிப்புழுவுக்கு இதைவிடச் சௌகரியமான ஊர் கிடையாது. மலத்தில் விழுந்த முட்டை ஈரமண்ணில் பொரித்து, பாதத்தைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது சொட்டுக் கணக்குத்தான். ஐந்நூறு புழு இருந்தால் ஆள் மீனாட்சி மாதிரி ஆகிவிடும்.

தோட்டத்து மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வார்கள், ஆனால் வெள்ளைக்காரர் இல்லை. நம்மவர்தான், கோலாலம்பூரில் படித்தவர், பங்களாவில் நாய் வளர்த்தார். நாய்க்குத் தனிக் குளியலறை இருந்தது. கனகேஸ்வரி அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அறைக்குள் நுழைந்தார்.

"வீட்டுக்கு ஒரு கக்கூஸ் கட்டுங்க. ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் குடுங்க. ஊர் மொத்தத்துக்கும் புழு மருந்து நான் தர்றேன்."

"டாக்டர், எல்லா எஸ்டேட்லயும் இதே கதைதான் லா. லேபர் ஆபீஸ்காரங்களும் கேட்டுட்டுப் போயிருக்காங்க. சும்மா சொன்னா கம்பெனி காசு குடுக்குமா? நம்பர் இருக்கா? நம்பர் காட்டுங்க, எழுதறேன்."

"காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். கதவை அறைந்து சாத்தினார். இந்தக் கோபம் நியாயமான கோபம். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

பெரியவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், தோட்டத்துக்குத் திரும்பியிருந்த மீனாட்சியும் சேர்த்து. ஆளுக்கு ஒரு தகர டப்பி, பெயர் எழுதி ஒட்டியது. கடலைப்பருப்பு அளவு மலம் போதும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் டப்பிகளை வீடு வீடாகக் கொடுத்தார். காலையில் தாய்மார்கள் எல்லோரும் பிள்ளைகளை விட வருகிற இடம் ஆயாக்கொட்டகை என்பதால், நிறைத்த டப்பிகளை அங்கே வைத்துவிட வேண்டும், பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வேன் வந்து எடுத்துக்கொள்ளும். இப்படி ஒரு வாரம். ஏற்பாடு முழுவதும் கனகேஸ்வரி போட்டது. பெயர் எழுதிய காகிதம்கூட நனைந்தாலும் அழியாத மையில் எழுதப்பட்டிருந்தது. அத்தனை கவனம்.

டப்பிகள் வந்தன. இருநூற்றுப் பன்னிரண்டும் வந்தன, ஒன்று குறையாமல். அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊரில் எதைக் கேட்டு நூற்றுக்கு நூறு வந்திருக்கிறது?

மூன்றாம் நாள் ஹபீப் முகம்மது தயங்கித் தயங்கி டாக்டர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டாக்டர், இந்த டப்பிங்க கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு."

"என்ன ஒரு மாதிரி?"

"மஞ்சளா, எளகலா... பெரியவங்களோடது மாதிரி..."

"ஹபீப், எண்ணச் சொன்னேன். கதை சொல்லச் சொன்னேனா? கண்ணு சரியில்லன்னா கண்ணாடிய மாத்துங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குக் கணக்கு வேணும்."

ஹபீப் திரும்பிப் போய் எண்ணினார். கணக்கு வெள்ளிக்கிழமை வந்தது. கொக்கிப்புழு முட்டை இருந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்பது பேர். மீனாட்சியின் பெயர் அந்த ஒன்பதில் இல்லை.

கனகேஸ்வரி இரண்டு நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். ஹபீப்பைத் திட்டினார். மைக்ராஸ்கோப்பைத் திட்டினார். பிறகு அவருக்குள் வேறொரு எண்ணம் முளைத்தது. புழு இல்லை, ஆனாலும் ரத்தம் இல்லை என்றால், அது பிறவிக் குறைதானே? தோட்டம் முழுக்கத் தலசீமியா இருக்கிறதென்றால் அது எவ்வளவு பெரிய சமாசாரம்! இரண்டு நாள் கோபத்தை அந்த எண்ணம் ஒரே ராத்திரியில் தின்றுவிட்டது. எண்ணிக்கை பொய் சொல்லாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் அது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். ஒன்று துரைக்குப் போனது, ஒன்று தொழிலாளர் அதிகாரிக்குப் போனது.

துரைக்குக் கொண்டாட்டம். தோட்டம் பட்டணத்தைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரே எழுதிக்கொடுத்துவிட்டார் என்று கம்பெனிக்கு எழுதினார். கக்கூஸ் பேச்சு அதோடு நின்றது.

இன்னொன்றும் நின்றது. அதுதான் இந்தக் கதையில் வயிறெரிய வைக்கும் விஷயம். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸர் ராமதாஸ், வெளுத்தவர் யார் வந்தாலும் இரும்பு மாத்திரை கொடுப்பவர். மீனாட்சிக்கும் ஒரு வருஷமாகக் கொடுத்துவந்தார். வயிற்றைப் புரட்டியதால் அவள் ஒரு நாள் விழுங்கி ஒரு நாள் விடுவாள். தலசீமியா உள்ளவர்களுக்கு இரும்பு ஏற்றினால் அது ஈரலிலும் இருதயத்திலும் போய்த் தேங்கும். ஆகவே கனகேஸ்வரி தோட்டத்துக்கே போய், மருந்துக்கு வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் ராமதாஸைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஏதுன்னு தெரியாம மாத்திரைய மிட்டாய் மாதிரி அள்ளிக் குடுக்கறீங்களே, நீங்க படிச்சதுதான் என்ன? இனிமே இந்த எஸ்டேட்ல நான் சொல்லாம ஒரு இரும்பு மாத்திரை யாருக்கும் போகக்கூடாது!"

ராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரை டப்பா அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அறிவாளி வந்து அறிவுக்குறைவானவனைத் திருத்திய கதை இப்படித்தான் நடந்தது.

மீனாட்சியை மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஐந்து ஏழானது. மூன்று வாரத்தில் திரும்பவும் ஐந்துக்கு வந்தது. ரத்தம் எங்கேயோ கசிகிறது என்று ஒரு மாணவனுக்குக்கூடத் தோன்றும். கனகேஸ்வரிக்கு, அணுக்கள் பிறவிக் குறையால் உடைகின்றன என்று தோன்றியது. மீனாட்சியின் ரத்தம் கோலாலம்பூருக்கு விசேஷப் பரிசோதனைக்குப் போனது. பதில் வர ஆறு வாரம் என்றார்கள்.

ஒரு நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில், தோட்டத்து ஆயா ருக்குமணி பெரியில் வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். தொட்டில் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, யாரிடம் பேசினாலும் தாலாட்டுவதுபோல உடம்பை ஆட்டிக்கொண்டே பேசுவாள். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டுவிட்டு மீனாட்சியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்த நேரம், மீனாட்சி வாய் நிறையப் பச்சரிசியை மென்றுகொண்டிருந்தாள். பொட்டலம் ருக்குமணி மடியில் இருந்தது.

"யாரு இதக் குடுத்தது?"

"ஆசப்பட்டுக் கேட்டுச்சுங்க டாக்டரம்மா. நான் இன்னொரு விசயம் சொல்லத்தான்..."

"வெளிய போ! பச்சரிசி, சாம்பல், களிமண்ணு, எல்லாத்தையும் தின்னக் குடுத்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வாங்க! இந்த மூஞ்சிய இனி இந்த வார்டுல நான் பாக்கக் கூடாது!"

ருக்குமணி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொல்ல வந்தது அவளோடேயே பெரியேறி அக்கரைக்குத் திரும்பியது. இரும்புச்சத்து வற்றியவர்களுக்குத்தான் பச்சரிசி தின்னும் வெறி வரும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. கனகேஸ்வரி அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர். அன்றைக்கு அவர் கண்ணுக்குப் பட்டது அரிசி மட்டும்தான்.

ஜூலை முதல் வாரத்தில், ஏழாம் மாதத்தில், மீனாட்சிக்கு வலி கண்டது. ஆண் பிள்ளை. அழவில்லை. தங்கராஜு, அவள் புருஷன், துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். மறுநாள் தபாலில் கோலாலம்பூர்ப் பதில் வந்தது. மீனாட்சியின் ரத்தத்தில் பிறவிக் குறை எதுவும் இல்லை.

கனகேஸ்வரி அந்தக் காகிதத்தை மூன்று தரம் படித்தார். பரிசோதனை செய்தவனைத் திட்ட வாயெடுத்தபோது உள்ளே ஹபீப் முகம்மதுவின் குரல் கேட்டது. எட்டு வருஷத்தில் அந்தக் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை.

"டாக்டர்! இங்க வாங்க. வந்து பாருங்க!"

அவர் போனார். மைக்ராஸ்கோப்பின் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. ஹபீப் சுவரோரம் நின்றிருந்தார்.

"இது யாரோடது?"

"மொதல்ல பாருங்க."

பார்த்தார். ஒரு வட்டத்துக்குள் எட்டு, ஒன்பது, பத்து. மெல்லிய ஓடு, உள்ளே நாலு செல். கொக்கிப்புழு முட்டை. கண்ணாடியை நகர்த்தினால் இன்னும் பத்து.

"மீனாட்சியோடது. இன்னிக்குக் காலைல நானே வார்டுக்குப் போயி, நர்ஸுகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். நீங்க சொல்லாம எடுத்தேன். வேலைய எடுக்கறதா இருந்தா எடுத்துக்குங்க!" அவர் பதிவேட்டைத் தூக்கி மேசை மேல் போட்டார். "இதையும் பாருங்க. ஏப்ரல் மாசத்துப் பக்கம். ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். வாயால சொன்னா கேக்கலயே, அதான் எழுதினேன்."

ஓரத்தில் வரிசையாக இருந்தது. மஞ்சள், இளகல், பால் திப்பி. மஞ்சள், இளகல், பால் திப்பி. நூற்றெண்பது வரிக்கு மேல். பெரியவர்கள் பேருக்கு நேராக, பால்குடிப் பிள்ளையின் மலம்.

"ஏன் எங்கிட்ட மறுபடி சொல்லல?" என்றார் கனகேஸ்வரி.

"பயம் டாக்டர். அவ்ளோதான். எம் பயத்துல ஒரு புள்ள போச்சு. நானும் அல்லாவுக்குப் பதில் சொல்லணும்."

அன்று பகல் பெரியில் கனகேஸ்வரி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆயாவை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே போனார். போலீசில் சொல்லலாமா, வேலையை விட்டுத் தூக்கச் சொல்லலாமா, முதலில் நாலு பேர் முன்னால் வைத்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாமா. ஆயாக்கொட்டகையில் பதினாறு தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ருக்குமணி ஒரு கையால் ஒன்றை ஆட்டிக்கொண்டு, மறு கையால் இன்னொரு பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"டப்பியில என்ன வச்சே?"

ருக்குமணி ஒளிக்கவில்லை. கையிலிருந்த அழுக்குத் துணியையே நீட்டிக் காட்டினாள்.

"இதுதாங்க. அதச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். நீங்க வெளிய போன்னுட்டீங்க."

"ஏன் வச்சே? யாரு வைக்கச் சொன்னது?"

"காலைல அஞ்சு மணிக்குப் பெரட்டு, களத்துல நின்னு பேரு குடுக்கணுங்க. ஒரே கக்கூஸு, கதவு கெடையாது, இருட்டு. மரத்தடியில ஒக்காந்து எழுந்திருக்கறதே பெரும்பாடு. இதுல டப்பியப் புடிச்சுக்கிட்டு மாமனார், கொழுந்தன் முன்னால பொம்பள எப்புடிங்க எடுத்துட்டு வருவா? எல்லாம் காலி டப்பியத்தான் கொண்டாந்து இங்க வச்சிட்டு ஓடுதுங்க. மண்டோரு வந்து, டப்பி ரொம்பாம வேன் போனா அரைப்பேரு போடுவேன்னுட்டாரு. அரைநாள் கூலி போனா எப்புடிங்க? என்னாண்டதான் பதினாறு புள்ளைங்க இருக்கே, நான் ரொப்பிட்டேன்." அவள் உடம்பு ஆடுவது நின்றது. "ஆஸ்பத்திரிக்கு டப்பி ரொம்பணும்னுதான் நெனச்சேன் டாக்டரம்மா. அவுங்க அவுங்களோடதுதான் வேணும்னு யாரும் எனக்குச் சொல்லலியே. அப்புறம் மீனாட்சிக்கு மாத்திரய நிறுத்திட்டாங்கன்னு கேட்டதும்தான் எனக்குத் திக்குன்னுச்சு."

தரையில் கால் படாத பதினாறு குழந்தைகள். கொக்கிப்புழு நுழைய வழியே இல்லாத பதினாறு ஜோடிப் பாதங்கள். அவைதான் இருநூறு பேருக்கும் சேர்த்து ஆரோக்கியச் சான்றிதழ் கொடுத்திருக்கின்றன. வெட்கப்படாத வயதுக்காரர்கள், அல்லது வெட்கப்பட்டுப் பழகிப்போன கிழவர்கள், ஒரு இருபது முப்பது பேர்தான் தாங்களே டப்பியை நிறைத்திருந்தார்கள். அந்த ஒன்பது அவர்களிடமிருந்து வந்தது.

கனகேஸ்வரி வாயைத் திறந்தார். திட்டுவதற்கு வார்த்தை எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? கக்கூஸ் இல்லாத ஊரில், கக்கூஸ் இல்லை என்று நிரூபிப்பதற்காக, விடிவதற்கு முன் மலம் எடுத்துக் கொடு என்று கேட்ட முட்டாள் யார்? டப்பியில் பெயர் எழுத அழியாத மை தேடியவர், அந்தப் பெயருக்குரிய ஒரு பெண்ணிடமாவது நேரில் போய், உனக்கு இது முடியுமா என்று கேட்டிருக்கிறாரா? அவர் ஆயாக்கொட்டகை வாசலில் நின்று அழுதார். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. தன்னைத் தானே அறைந்துகொள்ள முடியாததால் வந்தது.

மறுநாள் டாக்டர் அம்பிகைபாகன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். துறைக்குத் தலைவர், இவரைப்போலவே யாழ்ப்பாணத்து வழி, ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தவர்.

"பிள்ளை, அறிக்கையைத் திருப்பி வாங்கப் போறீராம். உமக்கு விசரே?"

"அது பொய் அறிக்கை, டாக்டர்."

"பிழை எல்லாருக்கும் வாறதுதானே. ஆயா செய்த வேலைக்கு நீர் ஏன் பேரைக் கெடுக்கிறீர்? பேசாமல் இன்னொரு சர்வே எடும், புதுசா எழுதும். பழசை ஆர் தோண்டப் போயினம்? திருப்பி வாங்கினீர் எண்டால், செப்டம்பர் மகாநாட்டில உம்மை மேடையில ஏத்த மாட்டினம். பிறகும் ஏத்த மாட்டினம்."

"பழசை வச்சுத்தான் அந்த ஆள் கக்கூஸ் கட்டமாட்டன் எண்டு சொல்லுறான். பழசை வச்சுத்தான் நான் இரும்பை நிப்பாட்டினனான். ஆயா செய்ததில்லை டாக்டர். நான் செய்தது."

கடிதம் அன்றே போனது. என் அறிக்கை தவறானது, மாதிரிகள் உரியவர்களிடமிருந்து வந்தவை அல்ல, அதைச் சரிபார்க்காதது என் பிழை, அதன் பேரில் ஒரு நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்தியதும் என் பிழை. ஒரு பக்கம்கூட இல்லை. செப்டம்பரில் அவரை மேடையில் ஏற்றவில்லை. அம்பிகைபாகன் சொன்னபடி பிறகும் ஏற்றவில்லை. துரை கடிதத்தைப் படித்துவிட்டு, அப்போது பொய்யா, இப்போது பொய்யா என்று கேட்டுச் சிரித்தார். சிரிக்க உரிமை உள்ள ஆள் இல்லைதான், ஆனால் கேள்வி சரியான கேள்வி.

வார்டுக்குப் போவதற்கு அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். போன நேரத்தில் மீனாட்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். புழு மருந்து கொடுத்தாகிவிட்டது. இரும்பும் கொடுக்க ஆரம்பித்தாகிவிட்டது. உதட்டில் லேசாக நிறம் வந்திருந்தது. கனகேஸ்வரி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டப்பி, பதிவேடு, மாத்திரை, எதையும் விடவில்லை.

மீனாட்சி அதுவரை அந்த வார்டில் குரலெடுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மாத்திரய நிறுத்தலாமான்னு நான் கேட்டேன்" என்றாள். "டிரெஸரு அண்ணே குடுத்தது கொஞ்சம் தெம்பா இருக்குதேன்னு சொன்னேன். நீங்க சீட்டுலேருந்து தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. நான் பேசறது உங்க காதுல விழுந்துச்சா இல்லியா? அதச் சொல்லுங்க மொதல்ல!"

"விழுந்துச்சு."

"விழுந்துச்சா? விழுந்தும் எழுதினீங்களா?" கட்டில் கம்பியை அவள் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். "எம் புள்ள வயித்துல ஒதச்சது இங்க, இங்க! உங்க படிப்புல அது தெரியாதா? எம் மேல கைய வைக்காதீங்க இனிமே. வேற டாக்டரு வரட்டும். நீங்க போங்க! போங்க இங்கேருந்து!"

நர்ஸ் ஓடிவந்து மீனாட்சியை அடக்கப் பார்த்தாள். கனகேஸ்வரி கையைக் காட்டி அவளை நிறுத்தினார். மீனாட்சி கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வெளியே போனார். அன்று முதல் அவளுக்கு வேறொரு டாக்டர் பார்த்தார்.

ஆகஸ்டில் இரண்டாம் முறை எண்ணினார்கள். இந்தத் தடவை ஒற்றைப்பாலத் தோட்டத்தில் ஒரு வாரத்துக்கு முன்பே தார்ப்பாய் கட்டிப் பன்னிரண்டு மறைப்புகள் எழும்பின. ராமதாஸ் இடம் காட்டினார். அவரிடம் வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டிருந்தார் கனகேஸ்வரி. பெண்களுக்கு எப்போது சௌகரியம் என்று ருக்குமணியைக் கேட்டார். வேலை முடிந்து வந்து குளிக்கும் நேரம் என்று அவள் சொன்னாள். அதன்படியே நேரம் வைத்தார்கள். கனகேஸ்வரி பதினைந்து வருஷம் கழித்து ஓய்வு பெறும்வரை அவருக்குக் கோபம் குறையவில்லை. நர்ஸுகள் பாவம், வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கூடத்தில் யாராவது, டாக்டர், இது ஒரு மாதிரி இருக்கு என்று சொன்னால், எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்தார்.

அந்த இரண்டாம் எண்ணிக்கையின் முதல் நாள் பகல் இரண்டு மணிக்குப் பெரட்டுக்களத்தில் மேசை போட்டு, ஹபீப்பும் கனகேஸ்வரியும் உட்கார்ந்தார்கள். கூட்டம் எதிரே நின்றது. கையில் டப்பி வைத்திருந்தவர்கள்கூட முன்னால் வரவில்லை. போன தடவை கொடுத்து என்ன கண்டோம் என்று யாரோ பின்னாலிருந்து சத்தமாகவே கேட்டார்கள். கனகேஸ்வரி எழுந்து பேசப் பார்த்தார். அதற்குள் இன்னொருவர் அதையே திருப்பிக் கேட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மீனாட்சி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபது நாள்கூட ஆகியிருக்காது, நடை இன்னும் தளர்வாகத்தான் இருந்தது. காலில் புருஷனுடைய பெரிய பூட்ஸ். டாக்டர் கை நீட்டினார். மீனாட்சி அந்தக் கையைத் தாண்டிப் போய், டப்பியை ஹபீப் முகம்மதுவிடம் கொடுத்தாள்.

"எம்பேரு போட்டது, என்னோடதுதான்" என்று அவரிடம் சொன்னாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "என்ன நின்னுக்கிட்டே இருக்கீங்க? இவுங்களுக்காகவா குடுக்கறோம்? கொண்டாங்க!"

ஒருவர் பின் ஒருவராக வர ஆரம்பித்தார்கள். கனகேஸ்வரி நீட்டிய கையை மடக்கி, பேனாவை எடுத்து, பதிவேட்டின் முதல் வரியில் மீனாட்சியின் பெயரை எழுதினார். அந்த வாரம் முடிந்தபோது இருநூற்றொன்பது பேரில் நூற்று அறுபத்தெட்டுப் பேருக்குப் புழு இருந்தது. கம்பெனி ஒன்றரை வருஷம் இழுத்தடித்துவிட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் கட்டியது. மீனாட்சிக்கு எண்பத்தொன்றில் ஒரு பெண் பிறந்தது, அதே ஆஸ்பத்திரியில்தான். பிரசவ வார்டு வராந்தாவரை போன கனகேஸ்வரி, உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டதும், யாரும் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டார்.